மதகு பூட்டிய நாள்

என் வலது கையை முறித்த மனிதர் ஒரு சிறுபோகம் முழுவதும் எங்கள் வீட்டில் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டார். நானாக விரும்பிச் செய்த உபசாரம் அல்ல. இணக்கசபை போட்ட உத்தரவு.

அறுபதுகளின் நடுப்பகுதி. உடையார்கட்டுப் பக்கத்தில் குளத்துக்குக் கீழே காடு வெட்டிக் காணி பிரித்துக் கொடுத்திருந்தார்கள். நானும் மனைவியும் யாழ்ப்பாணத்திலிருந்து போய்க் குடியேறினவர்கள். ஊரில் கிணற்றுத் தண்ணீரை இறைத்து இறைத்துப் புகையிலை வளர்த்தவனுக்கு, வாய்க்காலில் தானாக வரும் தண்ணீர் பெரிய அதிசயமாக இருந்தது. அது தாராளமாக வருவது மாரியில் செய்யும் பெரும்போகத்தில் மட்டும்தான் என்பதைப் போய்ச் சேர்ந்த பிறகுதான் சொன்னார்கள். கோடையில் செய்யும் சிறுபோகத்தில் குளத்தில் பாதித் தண்ணீரும் இராது. முறை வைத்துத்தான் திறப்பார்கள்.

எங்கள் வாய்க்காலின் கடைசியில் இரண்டு காணிகள். ஒன்று என்னுடையது, மற்றது அவருடையது. வாய்க்காலிலிருந்து தண்ணீர் இறங்க இரண்டுக்கும் ஒரே வாய், அங்கிருந்து ஆளுக்கொரு பக்கம் பிரியும். மூன்று நாளுக்கு ஒரு தடவை எங்கள் கடைசிக்குத் தண்ணீர் வந்து சேரும். ஒரு தடவை எனக்கு, மறுதடவை அவருக்கு. இதில் சண்டை பிடிக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அந்த வருடம் பயிருக்கு ஒரு மாத வயது இருக்கும். எனக்குத் தண்ணீர் வர வேண்டிய நாளில் குளத்து மதகைப் பூட்டிவிட்டார்கள். உள்ளே மரக்குற்றி ஒன்று அடைத்துக்கொண்டதாம். அன்றைக்கு ஒருவருக்கும் தண்ணீர் இல்லை. அடுத்த தண்ணீர் மூன்று நாள் கழித்து வந்தது. அந்தத் தண்ணீர் யாருடையது என்பதுதான் கேள்வி.

என் கணக்கு இது: எனக்கு வராத முறையை எனக்கு வந்ததாகச் சொல்ல முடியாது. ஆகவே இது என் முறை, அவர் அடுத்ததற்குப் பார்த்திருக்க வேண்டும். அவர் கணக்கு: போன முறை போனதுதான். இன்று அவருடைய நாள், அவருக்கே தண்ணீர். என் கணக்குப்படி இரண்டு பேரும் கொஞ்சம் கொஞ்சம் காய்வோம். அவர் கணக்குப்படி ஒருவர் நன்றாகக் காய்வார். அந்தத் தடவை காய வேண்டியவன் நானாக இருந்தபடியால் என் கணக்கு எனக்கு மிகத் தெளிவாக விளங்கியது.

வட்டவிதானையாரிடம் போனோம். தண்ணீரைப் பங்கிட்டு விடுவதற்கென்று நாங்களே கூட்டம் வைத்துத் தெரிவுசெய்த ஆள். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்றார். பிறகு, பூவரசங்குளத்தில் தமக்கை வீட்டில் ஒரு அலுவல் இருக்கிறது என்று சொல்லி பஸ் ஏறிவிட்டார். தண்ணீர் வற்றும்வரை அந்த அலுவல் முடியவில்லை.

விடியற்காலை நான் போய் என் பக்கத்து வாயைத் திறந்து, அவர் பக்கத்தை மண்கட்டி வைத்து அடைத்தேன். அவர் வந்து என் பக்கத்தை அடைத்து, தன் பக்கத்தைத் திறந்தார். நான் திரும்பவும் மாற்றினேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் மாறி மாறி மண்வேலை செய்தோம். அந்தச் சுறுசுறுப்பை வயலுக்குள் காட்டியிருந்தால் இரண்டு பேரும் பணக்காரராகியிருப்போம். கடைசியில் அவர் மண்வெட்டிப் பிடியை ஓங்கினார். தான் மண்கட்டியைத்தான் அடித்ததாகப் பிறகு சொன்னார். மண்கட்டி என் கைக்குக் கீழே இருந்தது.

இதற்குப் பிறகு நான் ஒரு பிழை விட்டேன். எங்கள் ஆட்கள் எல்லாரும் விடுகிற பிழை. எலும்பு என்றவுடன் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் முறிவு வைத்தியரிடம் போனேன். அவர் தடவிப் பார்த்து, இழுத்து, எண்ணெயும் பத்தும் போட்டு, மூங்கில் சிலாகை வைத்துக் கட்டினார். அருமையான கட்டு. அந்தக் கட்டோடு பொலிசுக்குப் போனபோது அங்கிருந்த சாஜன் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரித் துண்டு எங்கே என்று கேட்டார். துண்டு இல்லை. மூங்கில் சிலாகையைக் கோட்டில் சாட்சியாக ஏற்கமாட்டார்களாம். முதலில் இணக்கசபைக்குப் போ, அங்கே சரிவராவிட்டால் கோட்டுக்கு வரலாம் என்று அனுப்பிவிட்டார்.

இணக்கசபை அப்போதுதான் எங்கள் பக்கத்துக்குப் புதிதாக வந்திருந்தது. சின்ன வழக்குகளை ஊருக்குள்ளேயே பேசித் தீர்க்க அரசாங்கம் செய்த ஏற்பாடு. பள்ளிக்கூடத்து நீள மண்டபத்தில் சனிக்கிழமைகளில் கூடும். மூன்று பேர். தலைவர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். எல்லாரும் பெரிய வாத்தியார் என்போம். மற்றவர் முல்லைத்தீவிலிருந்து வந்து நெல் வாங்கி, சீலை விற்கும் முஸ்லிம் வியாபாரி ஒருவர். முஸ்லிம்கள் அண்ணனைச் சொல்வதுபோல் அவரை நானா என்று கூப்பிடுவோம். மூன்றாமவர் சங்கக்கடை மனேஜர். அவர் கூட்டங்களில் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். யோசிக்கிறார் என்று கொஞ்சக் காலம் நினைத்திருந்தேன்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். அவர் மறியலுக்குப் போய்க் கம்பி எண்ண வேண்டும். சபையில் அதை ஒளிக்காமல் சொன்னேன்.

பெரிய வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

“இவரை மறியலுக்கு அனுப்பினால் இவரின்ர ரெண்டு கையும் அங்க சும்மா இருக்கும். உம்மட ஒரு கை இஞ்ச சும்மா இருக்கும். ரெண்டு வயலும் தரிசு. இதில ஆருக்கு என்ன லாபம் எண்டு சொல்லும் பாப்பம்?”

“எனக்கு மனத்திருப்தி, ஐயா.”

“அதை அவிச்சுத் தின்ன ஏலுமே?”

பிறகு எனக்குத் தெரிந்த விசயத்தையே எனக்கு விளக்கினார். காணியைச் செய்கை பண்ணாமல் விட்டால், காணி தந்த அரசாங்கக் கந்தோர் அதற்கான பெர்மிட்டை வெட்டும். இவர் உள்ளே போனால் காணி காடு பத்தும், பெர்மிட் போகும். மனைவியும் மூன்று பிள்ளைகளும் எங்கே போவார்கள்? ஊரில் இருந்த துண்டு நிலத்தையும் விற்றுவிட்டு வந்த குடும்பம். பக்கத்துக் காணிக்காரர் பள்ளிக்கூட மரவாங்கின் நுனியில் குந்தியிருந்து தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி கைப்பிள்ளையோடு வாசலுக்கு வெளியே நின்றார். எனக்குப் பாவமாக இருந்தது என்று எழுதினால் நல்லது. இருக்கவில்லை. கை வலித்தது.

உத்தரவு இரண்டு பகுதியாக வந்தது. முதலாவது, என் கை முறிந்தது அவரால். ஆகவே அறுவடை வரை என் வயல் வேலை முழுவதையும் அவர் செய்ய வேண்டும், நான் மத்தியானச் சாப்பாடு கொடுக்க வேண்டும். அறுவடை முடிந்ததும் நான் சபைக்கு வந்து, குறையில்லை என்று சொன்னால் வழக்கு முடிந்தது. குறை இருக்கிறது என்றால் கோட்டுக்குப் போகும். அந்தச் சொல்லை அவர்கள் முழுக்க என் வாயில் வைத்துவிட்டார்கள்.

இரண்டாவது பகுதி பெரிய வாத்தியாரின் சொந்தக் கண்டுபிடிப்பு. மனிதன் குற்றம் செய்வது படிப்பு போதாமல்தான் என்பது அவருடைய உறுதியான எண்ணம். சபைக்கு வந்தவர்களுக்கெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் குடியியல் வகுப்பு நடத்தினார்.

“அடிச்சவர் வரட்டும். நான் ஏன் வரோணும்?” என்று கேட்டேன்.

“அடி வாங்கிற அளவுக்கு நிண்டனீர்தானே. வாரும்.”

அந்த வகுப்பில் அரசாங்கத்து முதிரை மரத்தைத் தறித்தவர் ஒருவர், களவாகக் கசிப்புச் சாராயம் காய்ச்சியவர் ஒருவர், பக்கத்துக் காணிக்காரர், நான். குற்றம் செய்யாதவன் நான் ஒருவன்தான் என்று முதல் நாளே எல்லாருக்கும் சொல்லிவைத்தேன். மற்ற மூன்று பேரும் தாங்களும் அப்படித்தான் என்றார்கள். வாத்தியார் இடாப்புக் கூப்பிடுவார். “வந்தேன் ஐயா” என்று எழும்பிச் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் வாங்கில் இருந்தால் முழங்கால் நாடிக்கு வரும்.

அவரிடம் இருந்தது ஒரு பழைய குடியியல் புத்தகம். நகரசபை குப்பை அள்ளுவது பற்றியும் தெருவிளக்குப் போடுவது பற்றியும் பல கிழமைகள் படித்தோம். எங்களுக்கு நகரசபையும் இல்லை, விளக்கும் இல்லை, தெரு என்று சொல்லத்தக்கதும் இல்லை. கடைசியில் சோதனை வைத்தார். கசிப்புக்காரர் முதலாவதாக வந்தார். நகரசபை வருமானம் பற்றி நல்ல விளக்கம் எழுதியிருந்தாராம். பக்கத்துக் காணிக்காரர் இரண்டாவது. நான் கடைசி. இடது கையால் எழுதினேன் என்று காரணம் சொன்னேன். எந்தக் கையால் எழுதினாலும் பிழை பிழைதான் என்றார் வாத்தியார்.

வயலில் நடந்தது இதைவிடப் பெரிய சோதனை. அவர் விடியப் போய்த் தன் வயலைப் பார்த்துவிட்டு, வெயில் ஏறும்போது என் வயலுக்கு வருவார். நான் தோளில் கையைக் கட்டித் தொங்கவிட்டபடி வரம்பில் இருந்து மேற்பார்வை செய்வேன். பிழை ஏதும் விட்டால் சபையில் சொல்லலாம் என்று கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். மனிதர் ஒரு பிழையும் விடவில்லை. களையை வேரோடு எடுத்தார். நண்டுப் பொந்துகளைத் தேடித் தேடி அடைத்தார். நான் கோணலாக வைத்திருந்த வரம்பை நேராக்கினார். அதைச் செய்யச் சொல்லி நான் கேட்கவே இல்லை. வழியில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்தி, “இந்தமுறை உம்மட வயல் நல்லாயிருக்குது” என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போனார்கள். மற்ற முறைகள் எப்படியிருந்தன என்று நான் கேட்கவில்லை.

நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. முன்பு அவர் என்னைத் தம்பி என்பார், நான் அண்ணை என்பேன். அடிபட்டபின் இரண்டு பேரும் அந்தச் சொற்களை நிறுத்திவிட்டோம். “தண்ணி வேணும்”, “கத்தி எங்க” என்று காற்றைப் பார்த்துச் சொல்வோம். என் மனைவிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. “அண்ணை, சோறு போடட்டே?” என்பாள். அவர் “போடு தங்கச்சி” என்பார். ஒருநாள் குளத்து விரால் குழம்பு. விரால் தலை எங்கள் வீட்டில் எப்போதும் எனக்குத்தான். அன்றைக்கு அது அவர் சோற்றுக் கோப்பையில் போய் இருந்தது.

அவர் போன பிறகு கேட்டேன்.

“உங்களுக்கு இடக்கையால கரண்டி பிடிச்சு முள்ளெடுக்க ஏலாது,” என்றாள். “வேலை செய்யிற மனிசன் தின்னட்டும்.”

“என்ர கையை முறிச்ச மனிசன்.”

“அதுக்குத்தானே வேலை செய்யிறார்.”

இவளையும் சபையில் நாலாவது ஆளாகப் போட்டிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

என்னை உள்ளே அரித்தது கை அல்ல. கட்டு அவிழ்த்தாயிற்று. விரல்கள் மெல்ல மெல்ல மடங்கத் தொடங்கின. என்னை அரித்தது அந்த நாள். அது என் முறை என்பதை அவர் ஒரு தடவையாவது சொல்ல வேண்டும். ஊரில் பாதிப்பேர் நான்தான் அவருடைய தண்ணீரை மறிக்கப் போனவன் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் அவர் வரம்பில் இருந்து வெற்றிலை போடும்போது நேராகவே கேட்டேன்.

“அண்டைக்கு என்ர முறைதான் எண்டு சபையில சொல்லுங்கோ. நானும் குறையில்லை எண்டு சொல்லிவிடுறன்.”

அவர் வெற்றிலைக் காம்பைக் கிள்ளி எறிந்தார்.

“அடிச்சது பிழை. அதை எங்க வேணுமெண்டாலும் சொல்லுவன். முறை என்ர முறை.”

“சொல்லாட்டில் நான் குறையிருக்கு எண்டுதான் சொல்லுவன். பெர்மிட் போகும்.”

“வேலை சொல்லுங்கோ, செய்யிறன். பொய் சொல்லச் சொல்லாதேங்கோ.”

சொல்லும்போது முகம் கறுத்துப்போனது. வெற்றிலையை மடித்தவர் அதை வாயில் வைக்காமலே வயலுக்குள் இறங்கிவிட்டார். அந்த மனிதருக்குப் பயம் இருந்தது. பயத்தோடுதான் மறுத்தார். எனக்கு அது பிடிவாதமாகத்தான் தெரிந்தது. சபையில் என்ன சொல்வதென்று அன்றைக்கே முடிவு செய்தேன். குறை இருக்கிறது என்று சொல்வேன். கோட்டுக்குப் போகட்டும். காணி போனால் போகட்டும்.

அதற்குப் பிறகு எனக்குக் காய்ச்சல் வந்தது. குளிரும் நடுக்கமுமாகப் படுக்கையோடு படுக்கையாகக் கிடந்தேன். வயல் குடலைப் பருவத்தில் இருந்தது. கதிர் உள்ளே திரண்டு வெளியே தள்ளப் பார்க்கும் காலம். அப்போது தண்ணீர் தப்பினால் பயிர் தப்பாது. வயலில் என்ன நடக்கிறது என்று மனைவியைக் கேட்டால், “அண்ணை பாக்கிறார்தானே” என்று சொல்லிவிட்டுக் கொத்தமல்லித் தண்ணீர் தருவாள்.

எழும்பி நடக்கத் தொடங்கியதும் பொல்லொன்றை ஊன்றிக்கொண்டு வயலுக்குப் போனேன். என் வயல் முழுக்கக் கதிர் தள்ளி, பச்சைப்பசேலென்று நின்றது. இவ்வளவு ஒரே சீராக என் வயலை நான் பார்த்ததில்லை. பிறகு வரம்புக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். அவருடைய வயலின் கீழ்ப்பாதி மணல் தரை. அந்தப் பாதி வைக்கோல் நிறமாக நின்றது. கதிர்கள் வெள்ளையாக வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றன. நெல் பிடித்த கதிர் அப்படி நிமிர்ந்து நிற்காது.

அவர் என் வயலில் குனிந்து கோரை பிடுங்கிக்கொண்டிருந்தார்.

“அங்க என்ன நடந்தது?”

“மதகு பூட்டினவங்கள்.” நிமிராமலே சொன்னார்.

“எப்ப?”

“உங்களுக்குக் காய்ச்சல் கண்ட கையோட. என்ர முறையில.”

“அதுக்குப் பிறகு தண்ணி வந்ததுதானே?”

“வந்தது.”

“எங்க விட்டனீங்கள்?”

அவர் நாடியால் என் வயலைக் காட்டினார்.

“அது உங்கட முறை.”

நான் வரம்பில் இருந்துவிட்டேன். காய்ச்சல் விட்ட உடம்பு என்று அவர் நினைத்திருப்பார். எனக்கு விசயம் அப்போதுதான் மெல்ல மெல்ல உள்ளே இறங்கியது. முதல் தடவை மதகு பூட்டியது என் நாளில். இந்தத் தடவை அவருடைய நாளில். போன முறை போனதுதான் என்ற கணக்கின்படி அடுத்த தண்ணீர் எனக்கு. அந்தக் கணக்கு இப்போது அவருடைய சோற்றிலேயே கை வைத்துவிட்டது. என் கணக்கை அவர் ஒரு நாளைக்கு இரவல் வாங்கியிருந்தால் போதும், அவருடைய பயிர் பிழைத்திருக்கும். அது என்னுடைய கணக்கே ஆனபடியால் நான் மறுத்து ஒரு சொல் சொல்லியிருக்க முடியாது. அதுவும் நான் படுக்கையில் கிடந்தேன், வாய் அடைப்பதும் திறப்பதும் அவர் கையில். ஒருவரும் பார்க்கவில்லை.

எனக்குக் கோபம்தான் வந்தது. இதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அடிபட்ட அன்றைக்குக்கூட அவ்வளவு கோபம் வரவில்லை.

“அது உங்கட முறை,” என்றேன்.

“இல்லை. உங்கட.”

“நான் சொன்ன கணக்குப்படி பாத்தா உங்கடதான். வராத முறை கழிஞ்சதாகாது.”

“உங்கட கணக்கு பிழை எண்டு நான் அப்பவே சொன்னனான்.”

“பயிர் செத்துப்போச்சு. பாருங்கோ அதை.”

“பயிர் செத்தாப்போல கணக்கு மாறுமே?”

“இது வாத்தியாற்ற வகுப்பில படிச்சதோ?”

“அந்தக் கிழமை நான் நித்திரை.”

எங்கள் சத்தம் கேட்டு, வழியில் போன ஒருவர் சைக்கிளைப் பூவரச மரத்தில் சாத்திவிட்டு விலக்குப் பிடிக்க வந்தார். போன தடவை ஆளுக்கொரு பக்கம் நின்று தண்ணீர் தன்னுடையது என்று கத்தினோம். இந்தத் தடவை தண்ணீர் மற்றவருடையது என்று கத்தினோம். அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். யாரைப் பிடித்து யாரிடமிருந்து விலக்குவது என்று தெரியாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து மனைவிக்குச் சொன்னேன். அவள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

“எனக்குத் தெரியும்,” என்றாள்.

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“காய்ச்சலுக்க சண்டைக்குப் போவியள் எண்டுதான்.”

எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த மனிதர் மேல் மரியாதை வந்துவிட்டது. அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. கையை முறித்தவனை வெறுப்பது எவ்வளவு வசதியான காரியம் என்று அது கைவிட்டுப் போன பிறகுதான் தெரிகிறது. இவ்வளவுக்கும் பிறகும் அவர் கணக்குச் சரி என்று நான் ஒப்புக்கொள்ளவில்லை. இன்றைக்கும் சொல்கிறேன், என் கணக்குத்தான் சரி. அதன்படி நடந்திருந்தால் அவர் வயல் எரிந்திராது. ஆனால் அப்படி எரியவிட்ட ஒரு மனிதர், என் தண்ணீரை ஏமாற்றி எடுக்க வந்தவர் அல்ல என்பது மட்டும் எனக்கு உறுதியாகிவிட்டது.

அறுவடை முடிந்தது. என் வயலில் அந்த வருடம் விளைந்ததுபோல் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அவர் தன் மேல்பாதியை அறுத்தார். கீழ்ப்பாதியை அறுக்கவே இல்லை, அறுத்தால் அரிவாளுக்குத்தான் நட்டம். சபை கூடிய சனிக்கிழமை இரண்டு பேரும் போனோம். தனித்தனியாகத்தான் போனோம். அவர் மனைவி பிள்ளையோடு அதே வாசலில் நின்றார்.

“உத்தரவுப்படி வேலை நடந்ததோ?” என்று கேட்டார் பெரிய வாத்தியார்.

“நடந்தது.”

“அப்ப குறையில்லை?”

“குறை இருக்கு, ஐயா.”

பக்கத்துக் காணிக்காரர் தலையை நிமிர்த்தவில்லை. வாங்கின் விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் இறுகின. வாசலில் பிள்ளை எதற்கோ சிணுங்கியது. தாய் அதன் வாயைப் பொத்தினார். நான் அவசரமாகச் சொன்னேன்.

“இவர் தன்ர தண்ணியை என்ர வயலுக்கு விட்டிட்டார். இவரின்ர வயல் பாதி எரிஞ்சு போச்சு. அந்தத் தண்ணியில விளைஞ்ச நெல்லு என்ர வீட்டில கிடக்குது. அதுக்கு ஒரு உத்தரவு போடுங்கோ. அடுத்த போகத்துக்கு நான் இவருக்கு வேலை செய்யிறன்.”

பெரிய வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். திரும்பப் போட்டார். நானா முதலில் என்னைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார்.

“நீங்க ஏதும் முறைப்பாடு செய்யிறீங்களோ?” என்று அவரிடம் கேட்டார்.

“இல்லை. தண்ணி இவருடையது.”

“என்ர இல்லை,” என்றேன்.

“பொறுங்கோ, பொறுங்கோ.” நானா கையைக் காட்டினார். “தன்ர சாமானை மற்றவன் எடுத்திட்டான் எண்டுதான் இந்த மேசைக்கு முன்னால ஆக்கள் வாறது. மற்றவன்ர சாமான் என்னட்ட இருக்குது எண்டு ஒருத்தர் வந்து நிக்கிறார். சாமான்காரர் தன்ர இல்லை எண்டுறார். வாத்தியார், இதுக்குச் சட்டத்தில இடம் இருக்கோ?”

வாத்தியார் யோசித்தார். மனேஜரும் கண்ணைத் திறந்தார்.

“முறைப்பாட்டுக்காரர் இல்லாமல் உத்தரவு போட ஏலாது,” என்றார் வாத்தியார். “உமக்கு உத்தரவு வேணுமெண்டால் இவர் முறைப்பாடு செய்யோணும். அல்லாட்டில் நீர் இவரை அடிக்கோணும்.”

அடிப்பதற்கு என் கை இன்னும் சரியாக வரவில்லை என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“கை விசயத்துக்கு வாரும். குறை இருக்கோ, இல்லையோ?”

“கை விசயத்தில குறையில்லை.”

வாத்தியார் எழுதி முடித்து, ஒற்றுத்தாளை அமத்தினார். காணி தப்பியது. வாசலில் நின்ற அவர் மனைவி சீலைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். அவர் எழும்பி, சால்வையை உதறித் தோளில் போட்டார். ஒரு கேள்விதான் கேட்டார்.

“ஐயா, அப்ப வகுப்பும் முடிஞ்சுதோ?”

“வகுப்பு நடக்கும்,” என்றார் பெரிய வாத்தியார்.

புரட்டாதியில் முதல் மழை பெய்தது. பெரும்போகத்துக்கு நிலத்தைத் தயார்ப்படுத்தும் காலம். காலையில் எழும்பி, என் வயலுக்குப் போகாமல் அவர் வயலுக்குப் போனேன். போகும் வழியில் திரும்பி வந்துவிடலாமா என்று இரண்டு தடவை யோசித்தேன். அவர் வரம்பு கட்டிக்கொண்டிருந்தார். நான் கிட்டப் போய் நின்றும் வேலையை நிறுத்தவில்லை.

“என்ன?”

“வேலை செய்ய வந்தனான்.”

“ஆர் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை.”

அவர் மண்வெட்டியை ஊன்றினார்.

“எனக்கு அறுவடை வரைக்கும் எண்டு சொன்னவங்கள். உங்களுக்கு எதுவரைக்கும்?”

அதை நான் யோசித்திருக்கவில்லை. தெரியாது என்றேன். அவர் வயலின் கீழ்ப்பாதியைக் காட்டினார். அறுக்காமல் விட்ட பயிர் மழையில் நனைந்து, கறுத்துச் சாய்ந்து கிடந்தது.

“அதெல்லாம் பிடுங்கி வரம்பில போடோணும். கலப்பை ஓடாது.”

இறங்கினேன். வலது கையால் முதல் பிடியைப் பிடித்து இழுத்தபோது முறிந்த இடம் சுரீரென்றது. மண்ணோடு வந்தது. ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் தேய்த்து ஊதினேன். எல்லாம் பறந்துபோயிற்று. ஒரு மணிகூட மிஞ்சவில்லை. இன்னொன்றையும் உருவித் தேய்த்துப் பார்த்தேன்.

“ஒண்டொண்டாப் பாக்காதேங்கோ தம்பி,” என்றார் அவர் வரம்பிலிருந்து. “நான் எல்லாம் பாத்தனான்.”